காலியான காம்பராவில் யாருடைய பெயர்?

(நுவரெலியாவில் உயர்தர மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தப் பனியில், இருட்டினால் பஸ் கிடைக்குமா என்ற கவலையோடு இத்தனை பேர் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். லினக்ஸ் இயக்க முறைமையின் கேர்னலில் 2005ஆம் ஆண்டு வெளிப்பட்ட ஒரு பிழையைப் பற்றிப் பேசப்போகிறேன். பாவித்து முடித்த நினைவகத்தைத் துப்புரவு செய்வதில் நேர்ந்த பிழை அது. அந்தத் துப்புரவு முறையை எழுதியவர்களில் முக்கியமான ஒருவர் இந்தியாவில், பெங்களூரில் வேலை செய்துகொண்டிருந்தார். பிழையைக் கடைசியில் சீராக்கியவரும் அவரேதான். திருத்தம் முழுவதையும் அச்சிட்டாலும் சில பக்கங்களுக்கு மேல் வராது. ஆனால் அந்தச் சில பக்கங்களைப் புரிந்துகொள்ள எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. உங்களுக்கு அவ்வளவு காலம் பிடிக்கக்கூடாது என்பதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

கேர்னலைத் தமிழில் கருனி என்று எழுதுகிறார்கள். பேச்சு வசதிக்குக் கேர்னல் என்றே சொல்கிறேன். உங்களில் பலருடைய பையிலிருக்கும் அண்ட்ரொய்ட் போனுக்குள் ஓடுவது லினக்ஸ் கேர்னல்தான். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதைத் தொடங்கினார். ஓர் ஆப் இடம் கேட்டால் கொடுப்பதும், ஆப் மூடப்பட்டால் அந்த இடத்தைத் திரும்ப எடுப்பதும் கேர்னலின் வேலை. ஆனால் கேர்னல் தன் சொந்தக் காரியத்துக்கு எடுத்துக்கொண்ட இடத்தை யார் திரும்ப எடுப்பது? அதற்கு மேலே கேட்பதற்கு ஆள் கிடையாது. கேர்னல் பெரும்பாலும் எழுதப்படுகிற சி மொழியில் குப்பையைத் தானாக அள்ளும் ஏற்பாடும் இல்லை. எழுதுகிறவர்தான் ஞாபகமாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

நமக்குத் தெரிந்த இடத்தை வைத்துச் சொல்கிறேன். ஒரு லயம், அதில் பத்துக் காம்பரா. குடும்பம் வந்தால் கணக்கப்பிள்ளை ஏட்டில் பெயர் எழுதிக் காம்பராவைக் கொடுக்கிறார். குடும்பம் போனால் பெயரை வெட்டிவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்கவேண்டும். இதில் இரண்டு விதமாகத் தவறலாம். குடும்பம் போய்விட்டது, பெயரை வெட்ட மறந்துபோயிற்று என்று வையுங்கள். காம்பரா பூட்டியே கிடக்கும். யாருக்கும் உதவாது. இதுதான் நினைவகக் கசிவு. மற்றது, உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே பெயரை வெட்டி, இன்னொரு குடும்பத்திடம் திறப்பைக் கொடுத்துவிடுவது. கேர்னலில் இப்படி நடந்தால் ஒருவர் எழுதிவைத்ததன் மேல் இன்னொருவர் எழுதுவார். உடனே கணினி நின்றுபோனால் நல்ல காலம் என்று எண்ணிக்கொள்ளலாம். நிற்காமல் தப்பும் தவறுமான தகவலோடு ஓடிக்கொண்டே இருந்தால் அதுதான் ஆபத்து. களவாக உள்ளே புக நினைக்கிறவன் தேடுவதும் அந்த இடைவெளியைத்தான்.

என்னுடைய முதல் பிழை கசிவு வகையைச் சேர்ந்தது. கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிறு கருவிக்கு டிரைவர், அதாவது அதைக் கேர்னலோடு பேசவைக்கும் நிரல், எழுதினேன். கருவியைத் தயாராக்க இரண்டு படிகள். முதலில் 4,096 பைட் நினைவகம் எடுக்கவேண்டும். அடுத்து, கருவியைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கவேண்டும். பதில் வராவிட்டால் ‘முடியவில்லை’ என்று சொல்லித் திரும்பும்படி எழுதியிருந்தேன். முதல் படியில் எடுத்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் வரியை எழுதவில்லை. என் மேசையில் கருவி ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னது. இரண்டாம் படி ஒருநாளும் தோற்கவில்லை. எனவே பிழையும் வெளியே வரவில்லை.

கருவி போய்ச் சேர்ந்த ஓரிடத்தில் வயர் தளர்ந்திருந்தது. ஐந்து விநாடிக்கு ஒரு தடவை டிரைவர் முயன்று பார்த்துத் தோற்றது. ஒரு நாளுக்கு 17,280 தடவை. ஒவ்வொரு தடவையும் 4,096 பைட். பெருக்கிப் பாருங்கள், நாளொன்றுக்கு 7 கோடி பைட்டுக்கு மேல். 512 எம்.பி. நினைவகம் கொண்ட அந்தப் பெட்டி ஒரு வாரம் தாங்கவில்லை. அங்கிருந்தவர்கள் எங்களிடம் முறையிடவும் இல்லை. சில நாளைக்கு ஒருமுறை நிறுத்தித் திரும்பப் போட்டால் சரியாகிவிடும் என்று பழகிக்கொண்டார்கள். என்னை இன்றைக்கும் உறுத்துவது அந்தப் பழகிக்கொண்டதுதான். என் கவனக்குறைவை அவர்கள் தங்கள் வேலையின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

திருத்தம் மூன்று வரி. கேர்னல் எழுதுபவர்களிடம் இதற்கென்றே ஒரு வழக்கம் உண்டு. ஏறிய படிகளைத் தலைகீழ் வரிசையில் இறங்கவேண்டும். நான்காம் படியில் சறுக்கினால் மூன்றாவதைக் கலைத்து, இரண்டாவதைக் கலைத்து, முதலாவதைக் கலைத்து வெளியே வரவேண்டும். வேறு வரிக்குத் தாவும் ‘கோட்டூ’ கட்டளையைப் பாவிக்காதே என்று பாடப்புத்தகம் சொல்லும். கேர்னலில் இந்த இறக்கத்துக்கென்றே அதைப் பாவிக்கிறார்கள், அங்கே அது நல்ல பழக்கம். ஒரு நிரலை வாசிக்கும்போது வெற்றிப் பாதையை எல்லோரும் வாசிப்பார்கள். தோற்றுத் திரும்பும் பாதையை விரல் வைத்து வாசியுங்கள். துப்புரவுப் பிழைகளில் பெரும்பாலானவை அந்த வழியில்தான் கிடக்கின்றன.

இப்போது பெரிய பிழைக்கு வருகிறேன்.

ஒரே ஒரு புரொசசர் உள்ள கணினியில் துப்புரவு ஓரளவு சுலபம். ஒரு நேரத்தில் ஒருவர்தானே உள்ளே இருக்கிறார். நான்கு, எட்டு, முப்பத்திரண்டு புரொசசர்கள் ஒரே நினைவகத்தைப் பார்க்கும்போதுதான் சிக்கல். ஒருவர் ஒரு பட்டியலிலிருந்து ஒரு துண்டை எடுத்துவிட்டார். அதே கணத்தில் வேறொரு புரொசசர் அந்தத் துண்டை வாசித்துக்கொண்டிருக்கலாம். பூட்டுப் போடலாம். ஆனால் எல்லோரும் வாசிக்கிற இடத்தில் பூட்டுப் போட்டால் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். முப்பத்திரண்டு புரொசசர் வாங்கிய காசு வீண்.

அமெரிக்காவில் சீக்குவென்ட் என்ற கம்பனி 1990களில் இத்தகைய பெரிய கணினிகளைச் செய்தது. அங்கே வேலை செய்த பால் மெக்கென்னியும் ஜாக் ஸ்லிங்வைனும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1999இல் சீக்குவென்டை ஐ.பி.எம். வாங்கியது. பெங்களூரில் ஐ.பி.எம். லினக்ஸ் பிரிவில் இருந்த தீபங்கர் சர்மா அந்த வழியை லினக்ஸுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். 2002 ஒக்டோபரில் வந்த 2.5.43 பதிப்பில் அது சேர்ந்தது. பெயர் ஆர்.சி.யு. விரித்தால் ‘வாசி, பிரதி எடு, புதுப்பி’. பெயர் வாசிப்பையும் எழுதுவதையும் பற்றியது. ஆனால் அதன் உயிர் துப்புரவில் இருக்கிறது.

இதை நான் புத்தகத்தில் வாசித்தபோது விளங்கவில்லை. தலவாக்கலைப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து மலையை நினைத்துப் பார்த்தபோது விளங்கியது. காலையில் பெரட்டு. கங்காணி ஆட்களை மலைகளுக்குப் பிரித்து அனுப்புகிறார். பெண்கள் படங்கு கட்டி, கூடையைத் தலைக்கயிற்றில் மாட்டி, அவரவர் நிரையில் இறங்குகிறார்கள். ஏழாம் நம்பர் மலையைக் கவ்வாத்து வெட்டவேண்டும் என்று நடுவில் முடிவாகிறது. கத்தியோடு ஆட்கள் இறங்குவதற்குமுன் அந்த மலையில் கொழுந்து பறிப்பவர் யாரும் இருக்கக்கூடாது. பனி மூடியிருக்கிறது, யார் எந்தச் செடிக்குப் பின்னால் நிற்கிறார் என்று தெரியாது. சங்கு ஊதி எல்லோரையும் நிறுத்தலாம். அப்படிச் செய்தால் எல்லா மலையிலும் வேலை கெடும்.

ஆர்.சி.யு.வின் வழி இது. இந்த நிமிடத்திலிருந்து ஏழாம் மலைக்குப் புதிதாக யாரையும் அனுப்பாதே. ஏற்கெனவே அங்கே நிற்பவர்களைத் தொந்தரவு செய்யாதே. கொழுந்து மடுவத்தில் போய் நில். பறிப்பவர் எவராக இருந்தாலும் கூடை நிறைந்தால் நிறுவைக்கு மடுவத்துக்கு வந்துதான் ஆகவேண்டும். தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் ஒரு தடவையாவது மடுவத்துக்கு வந்து போய்விட்டார்கள் என்றால், அந்த நிமிடத்தில் ஏழாம் மலையில் இருந்தவர் எவரும் இப்போது அங்கே இல்லை. யார் இருந்தார், எத்தனை பேர் இருந்தார்கள் என்று விசாரிக்கவே வேண்டாம். கத்தி இறங்கலாம்.

புரொசசர் ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்கு மாறுகிற கணம்தான் அந்த மடுவம். எல்லாப் புரொசசர்களும் ஒரு தடவை அப்படி மாறிவிட்டால் பழைய துண்டைக் கையில் வைத்திருப்பவர் யாருமில்லை. அதுவரை துண்டை ஒரு வரிசையில் வைத்திருந்து, பிறகு அழித்துவிடலாம். கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கு இதனால் ஒரு நொடி நட்டமில்லை. இதன் விலை முழுவதும் காத்திருப்பில் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிழை இங்கேதான் பிறக்கிறது.

காத்திருந்த துண்டுகளை ஒரேயடியாக அழித்தால் அந்த நேரம் புரொசசர் வேறு எதையும் கவனிக்காது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் விக்கும். எனவே ஒரு தடவைக்கு 10 துண்டுகளை மட்டும் அழி, மிச்சத்தை அடுத்த தடவைக்கு வை என்று ஒரு வரம்பு போடப்பட்டது. அதைப் போட்டவரும் சர்மாதான். நியாயமான வரம்பு. அன்றைக்கு வரிசையில் அவ்வளவாக ஆளில்லை.

2005இல் 2.6.14 பதிப்புக்கான வேலை நடந்தபோது கோப்புகளையும் இந்த முறைக்கு மாற்றினார்கள். லினக்ஸில் எதையும் கோப்பாகத்தான் திறக்கவேண்டும். படம், கடிதம், நெட்வேர்க் இணைப்பு எல்லாம் அதில் அடக்கம். திறக்கும் ஒவ்வொன்றுக்கும் கேர்னலுக்குள் ஒரு சிறிய பதிவு உண்டாகும், மூடினால் அழியும். அந்தப் பதிவைப் பூட்டில்லாமல் தேடலாம் என்பது பெரிய ஆதாயம். ஆனால் இப்போது மூடப்படும் ஒவ்வொரு கோப்பும் நேரே அழியாமல் வரிசையில் போய் நிற்கிறது.

ஒரு பயனர் மிகச் சிறிய சோதனை நிரல் ஒன்றை ஓட்டிப் பார்த்தார். கோப்பைத் திற, மூடு, திற, மூடு. அவ்வளவுதான், நிறுத்தாமல். ஒரு நேரத்தில் திறந்திருப்பது ஒரே ஒரு கோப்பு. ஆனால் சற்று நேரத்தில் கேர்னல் கை விரித்தது. கோப்புகளின் உச்ச வரம்பு எட்டிவிட்டது, இனித் திறக்க முடியாது என்றது. இதைக் கவனியுங்கள். அந்த நிரலில் பிழையில்லை. திறந்ததை ஒழுங்காக மூடியது. கேர்னலும் எதையும் மறக்கவில்லை. எல்லாம் வரிசையில் பத்திரமாக இருக்கின்றன. வரிசைக்கு வந்துசேரும் வேகம் பெரியது, பத்துப் பத்தாக அழிக்கும் வேகம் சிறியது. என்னுடைய கசிவில் விடுபட்டதைப் போல எந்த வரியும் விடுபடாமலேயே நினைவகம் நிரம்பிப்போனது.

2.6.14 வெளிவரச் சில நாட்களே இருந்தன. டோர்வால்ட்ஸ் 10 என்ற எண்ணை 10,000 ஆக்கினார். ஒரு எண்ணை மாற்றியதுதான் திருத்தம். 2005 ஒக்டோபர் 27இல் பதிப்பு வெளியானது. அந்த நேரத்துக்கு அது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். வீடு எரியும்போது குழாயின் விட்டத்தை அளந்துகொண்டிருக்க முடியாது. ஆனால் 10 என்று வைத்ததற்கு ஒரு காரணம் இருந்ததல்லவா? அந்தக் காரணம் போகவில்லை. டோர்வால்ட்ஸும் அதை அறிந்தே செய்தார். வரிசை நீளும்போது அடிக்கடி அழிக்கும்படி ஒரு வழியைப் பிறகு யோசிக்கவேண்டும் என்று மாற்றத்தோடு குறித்துவைத்தார்.

2006 மார்ச்சில் சர்மாவின் இரண்டு திருத்தங்கள் சேர்ந்தன. முதலாவது வரிசையைப் பற்றியது. சாதாரண நேரத்தில் ஒரு தடவைக்கு 10. வரிசை 10,000ஐத் தாண்டினால் வரம்பைத் தூக்கிவிடு, மற்றப் புரொசசர்களுக்கும் ஆள் அனுப்பி ‘சீக்கிரம் மடுவத்துக்கு வா’ என்று துரிதப்படுத்து. வரிசை 100க்கு இறங்கியதும் பழையபடி பத்துக்குத் திரும்பு. தொழிற்சாலைக்குக் கொழுந்து குவிகிற பருவத்தில் இரவு முறை போடுவதும், குறைந்தால் நிறுத்துவதும் போலத்தான். பாட்டும் விக்காது, நினைவகமும் நிரம்பாது.

இரண்டாவது திருத்தம்தான் என் மனதுக்கு நெருக்கமானது. வரிசையைச் சீராக்கிய பிறகும் ஒரு விஷயம் உதைத்தது. சோதனை நிரலை ஓட்டிப் பார்த்தால், திறந்திருக்கும் கோப்புகள் என்று கேர்னல் சொன்ன கணக்கு 5,87,000க்கு மேல். உண்மையில் பாவனையில் இருந்த பதிவுகள் இரண்டாயிரத்துச் சொச்சம். ஐந்து லட்சத்து எண்பத்தையாயிரம் பேருக்கு ஆளே இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது.

காரணத்தைத் தேடியபோது அது இன்னும் பழைய இடத்தில் இருந்தது. கேர்னல் இத்தகைய சிறு பதிவுகளைத் தனித்தனியாகக் கட்டுவதில்லை. ஒரு பக்க நினைவகத்தை எடுத்து, அதில் பதிவுகளை வரிசையாகத் தடுத்து வைத்துக்கொள்ளும். லயம் கட்டிக் காம்பராவாகத் தடுப்பதைப் போல. ஸ்லாப் என்று பெயர். கோப்புக் கணக்கு எங்கே எழுதப்பட்டது தெரியுமா? லயம் கட்டும்போது காம்பரா எண்ணிக்கை கூட்டப்பட்டது. லயத்தை இடிக்கும்போதுதான் கழிக்கப்பட்டது. ஒரு லயத்தில் ஒன்பது குடும்பங்கள் போய்விட்டன, ஒரு கிழவி மட்டும் இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அந்த லயத்தை இடிக்க முடியாது. கணக்கு பத்து என்றே நிற்கும். அடிக்கடி கணக்கில் கை வைத்தால் வேகம் குறையும் என்று யாரோ நல்ல எண்ணத்தோடு செய்த ஏற்பாடு. துப்புரவு உடனுக்குடன் நடந்த காலத்தில் இந்த வித்தியாசம் கண்ணில் படவில்லை. கும்பல் கும்பலாக அழிக்கத் தொடங்கியதும், ஆங்காங்கே ஒரு கிழவி மிஞ்சிய லயங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துபோயின.

இந்த ஊரில் நின்றுகொண்டு ஏடு, பெயர், வெட்டுதல் என்ற சொற்களைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்த மலைகளில் வாழ்ந்துகொண்டிருந்த நம் முன்னோரைக் கணக்குக்கு வெளியே நிறுத்தியது. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாக வைத்தது. மனிதருக்கு நேர்ந்ததையும் கணினிக்குள் நேர்வதையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். 5,87,000 என்ற எண்ணை முதன்முதலில் பார்த்தபோது, இருக்கிற ஆளுக்கும் ஏட்டிலுள்ள பெயருக்கும் நடுவே இவ்வளவு தூரம் விழ முடியுமா என்ற கேள்வி எனக்கு எழவில்லை. விழும் என்று எங்கள் வீட்டுத் தகரப் பெட்டிக்குள்ளிருந்த பழைய கடதாசிகள் ஏற்கெனவே சொல்லியிருந்தன. ஏட்டை நம்பி ஆளைத் தீர்மானிக்காமல், ஆளைப் பார்த்து ஏட்டைத் திருத்தவேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது.

சர்மாவின் திருத்தம் சரியாக அதைச் செய்தது. கோப்பு திறக்கும்போது கணக்கில் ஒன்று கூட்டு. மூடும்போது, அழிப்பு வரிசைக்கு அனுப்புவதற்கு முன்னாலேயே, ஒன்று கழி. குடும்பம் படி இறங்கிய கணத்தில் பெயரை வெட்டு. காம்பராவுக்கு வெள்ளையடிப்பதும் லயத்தை இடிப்பதும் அதனதன் நேரத்தில் நடக்கட்டும். நிரலில் இது ஒரே வரி. அந்த வரி அழிப்புக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அடிக்கடி கணக்கில் கை வைத்தால் வேகம் குறையும் என்ற பழைய பயத்துக்கும் பதில் வைத்தார். ஒரே ஏட்டை எல்லாப் புரொசசர்களும் இழுத்துப் பிடித்தால்தான் தாமதம். ஒவ்வொரு புரொசசருக்கும் ஒரு சிறு கொப்பி. ஒவ்வொரு கங்காணியும் தன் ஆட்களைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டு, அவ்வப்போது பெரிய ஏட்டுக்கு மாற்றுவதைப் போல. அதனால் பெரிய ஏடு எப்போதும் சற்று முன்பின்னாக இருக்கும். இருக்கட்டும், அன்றாட வேலைக்கு அது போதும். ஆனால் வரம்பு எட்டிவிட்டது, இனி இடமில்லை என்று ஒருவரைத் திருப்பி அனுப்பவேண்டிய நிலை வந்தால்? அப்போது மட்டும் எல்லாக் கொப்பிகளையும் வாங்கிக் கூட்டிச் சரியான தொகையைப் பார். அதற்குச் செலவு அதிகம். பரவாயில்லை, இல்லை என்று சொல்வதற்குமுன் அந்தச் செலவைச் செய். நான் வாசித்த நிரல்களில் இந்த ஐந்தாறு வரிகளை மிகவும் மதிக்கிறேன். சரியாகத் தெரியாமல் யாருக்கும் இல்லை என்று சொல்லிவிடக்கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு கருவிகள் நிறைய வந்தன. 2009இல் 2.6.31 பதிப்போடு வந்த கேமெம்லீக், நினைவகத்தைத் துழாவி எந்தச் சுட்டியும் சுட்டாத துண்டுகளைப் பட்டியல் போடும். என் டிரைவர் பிழையை ஒரு மணி நேரத்தில் காட்டிக் கொடுத்திருக்கும். 2015இல் 4.0 பதிப்போடு வந்த கேசான், அழித்த துண்டை யாராவது தொட்டால் அந்த இடத்திலேயே பிடித்து நிறுத்தும். 2017 முதல் கூகுளின் சிஸ்பொட் இரவு பகலாகக் கேர்னலைத் தாக்கிப் பார்த்துப் பிழைகளை அறிவித்துக்கொண்டிருக்கிறது. 2023இல், ஒரு மாறி தன் எல்லையைத் தாண்டியதும் அதன் நினைவகம் தானாகத் திரும்பிப்போகும் வசதியும் கேர்னலின் சி நிரலுக்குள் வந்தது. தலைகீழாகப் படி இறங்கும் வேலையை இனிக் கம்பைலரே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் 5,87,000 போன்ற பிழையை இவற்றில் எதுவும் பிடிக்காது. அங்கே கசிவும் இல்லை, அத்துமீறலும் இல்லை. இரண்டு எண்களை அருகருகே வைத்து, இவை ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

இப்படிப்பட்ட வேலைக்கு இங்கிருந்து ஆள் வர முடியுமா என்று, நான் வரும்போது ஓர் ஆசிரியர் வாசலில் கேட்டார். முடியும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் கணக்கு வைக்கச் ‘சகனா’ என்ற கட்டற்ற மென்பொருளை இலங்கைத் தொண்டர்கள் சில நாட்களில் எழுதத் தொடங்கினார்கள். 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருது அதற்குக் கிடைத்தது. அதுவும் இந்தக் கேர்னல் பிழையின் காலம்தான். கேர்னலுக்கு ஒரு திருத்தம் அனுப்புபவரிடம் பட்டத்தைக் கேட்பதில்லை. என்ன பிழை, எந்த மாற்றத்தால் வந்தது, எப்படித் திருத்தினாய் என்று தெளிவாக எழுதி, கீழே பெயர் போட்டு ஒப்பமிட வேண்டும். பெயர் போடுவது முக்கியம். நாளை அதே வரியில் பிழை வந்தால் கேட்பதற்கு ஆள் வேண்டும். சர்மாவிடம் அப்படிக் கேட்டார்கள், அவரும் வந்து திருத்தினார்.

தொடங்குவதற்கு விலையுயர்ந்த கணினி தேவையில்லை. பழைய மடிக்கணினி போதும். பாடசாலைக் கணினிக் கூடத்தில் ஒன்று சும்மா கிடந்தால் அதுவும் போதும். கேர்னல் நிரல் முழுவதும் இலவசமாக எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ‘எஃப்.எஸ்.’ என்ற கோப்புறைக்குள் ‘ஃபைல்_டேபிள்.சி’ என்று ஒரு கோப்பு இருக்கும். நான் சொன்ன கோப்புக் கணக்குத் திருத்தம் பெரும்பாலும் அதற்குள்தான் நடந்தது.

ஆனால் அதைத் திறந்தவுடன் ஒரு குழப்பம் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் சொன்ன காத்திருப்பு வரிசை அங்கே இருக்காது. 2024 ஜனவரியில் வெளிவந்த 6.7 பதிப்பில் கோப்புப் பதிவுகளுக்கு அதை எடுத்துவிட்டார்கள். கிறிஸ்டியான் பிரவுனரின் மாற்றம் அது. இப்போது குடும்பம் போனதும் காம்பராவை அடுத்த குடும்பத்துக்கு உடனே கொடுத்துவிடலாம், லயத்தை மட்டும் அவசரப்பட்டு இடிக்கக்கூடாது. அதற்குப் பதிலாக, வாசிக்க வருகிறவர் மேல் ஒரு கடமை விழுந்திருக்கிறது. கதவைத் திறந்து உள்ளே போன பிறகு, நான் தேடி வந்த அதே குடும்பம்தானா இது என்று அவர் மறுபடி பார்க்கவேண்டும். இல்லையென்றால் வெளியே வந்து திரும்பத் தேடவேண்டும். எந்த இடத்தில் அந்த மறுபடி பார்ப்பது நடக்கிறது என்று உங்களால் கண்டுபிடிக்க முடிகிறதா பாருங்கள். அது இந்தக் கோப்பில் இல்லை, பக்கத்திலுள்ள ‘ஃபைல்.சி’யில் இருக்கிறது. மூடும்போது ஒன்று கழிக்கும் அந்த ஒரு வரி மட்டும், 2006இல் வைத்த பொருளோடு, இன்னும் ‘ஃபைல்_டேபிள்.சி’யில்தான் இருக்கிறது.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பின்வரிசையில் சைகை காட்டுகிறார்கள். தூரத்துத் தோட்டங்களுக்குப் போகவேண்டியவர்கள் முதலில் கிளம்புங்கள். மற்றவர்கள் முன்னால் வாருங்கள். மடிக்கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தே வைத்திருக்கிறேன்.